காடியின் கால்கள்

3 ஜூன் 1957, திங்கள்

சுகாதாரப் பகுதியிலிருந்து நோட்டீஸ் வந்தது. மழைநீர் தேங்கும் பழைய சாமான்களை ஆகஸ்டு முடிவதற்குள் அகற்ற வேண்டும். கொசு. சுதந்திரம் வருவதற்குள் எங்கள் காஜா பெராங் பகுதியைத் துடைத்து வைக்கிறார்கள். எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே, மையில்: "மோட்டார் வண்டி, ஒன்று. ஓடாதது."

பின்கட்டில் ரம்புத்தான் மரத்தடியில் அப்பாவின் ஆஸ்டின் காடி. பதினான்கு வருடமாக இரண்டு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. முன்பக்கம் புல்லுக்குள் அமிழ்ந்து, பின்பக்கம் தூக்கி, தொழுகையில் குனிந்த ஆள்போல.

அம்மா தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: "இரும்புக்காரன்கிட்ட குடுத்துடு."

ஓட்டப்போகிறேன் என்றேன்.

"எங்க போக?"

அலோர் காஜா பள்ளியில் செப்டம்பரில் வேலை. பஸ் இருக்கிறது. காடி தேவையில்லை.

4 ஜூன்

சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புத்தகப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பரீட்சை முடிவும் வரவில்லை. காலை முழுக்கக் காடியைச் சுற்றி நடந்தேன்.

6 ஜூன், வியாழன்

எழுதி வைத்துவிடுகிறேன். எனக்காகத்தான்.

அப்பா அப்பாசாமி, வாடகைக்காடி ஓட்டியவர். தம்பின் ஊர் ரயிலடிவரை சவாரி. ஜப்பான்காரன் வந்தபின், பெட்ரோல் போய், ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெயில் ஓட்டினார். 1943-இல் ராணுவத்துக்குக் காடிகளைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அப்பா பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் கழற்றினார். கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி, கிணற்றில் இறக்கினார். காடியைக் கட்டை மேல் ஏற்றிவிட்டு, ஸ்பிரிங் உடைந்துபோனது, பழைய இரும்புக்குப் போட்டேன் என்று சொன்னார். பார்க்க வந்தவர்கள் நம்பிப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து வேறு ஆட்கள் வந்தார்கள். வீட்டைத் தேடவில்லை. நேரே கிணற்றுக்குப் போனார்கள். கொக்கி விட்டு ஒரு ஸ்பிரிங்கை இழுத்தார்கள். அது போதுமாக இருந்தது. அப்பாவைக் கூட்டிப்போனார்கள். அவ்வளவுதான். கல்லறை என்று ஒன்று இல்லை.

நேரே கிணற்றுக்கு. இதைத்தான் அம்மா திரும்பத் திரும்பச் சொல்வார். அப்படியென்றால் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தெரிந்தவர்கள் மூன்று பேர். அப்பா. அம்மா. கூட நின்று போல்ட்டுக் கழற்றிய மெக்கானிக் ஷரீஃபுதீன். அப்பாவைக் கூட்டிப்போனபோது அவர் ராணுவ மோட்டார்ப் பட்டறையில் கூலி. இன்றைக்கு செமாபோக்கில் சொந்தப் பட்டறை.

பதினான்கு வருடமாக அம்மா அவரைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார்.

எனக்குக் காடி வேண்டாம். அவர் வாயால் அந்த வார்த்தை வேண்டும். அதற்கு அவர் என் வீட்டுக் கொல்லையில், அந்தக் கிணற்றின் பக்கத்தில், வாரக்கணக்கில் நிற்க வேண்டும்.

9 ஜூன், ஞாயிறு

செமாபோக் போனேன். தகரக் கூரை. கீழே ஒரு லாரி, அதன் கீழே இரண்டு கால்கள்.

"நான் அப்பாசாமி மகன். தியாகு."

கால்கள் அசையவில்லை. பிறகு மெல்ல வெளியே வந்தார். வெள்ளைத் தாடி. எனக்குக் கறுப்பாக ஞாபகம். சின்ன வயதில் மாமா என்று கூப்பிட்டிருக்கிறேன். இன்றைக்கு "பாய்" என்றேன். கவனித்தார்.

விஷயத்தைச் சொன்னேன். பின் ஸ்பிரிங், எண்ணெய் டேங்க், பைப், கார்புரேட்டர், எல்லாம்.

"என்கிட்ட ஏன் தம்பி வந்தே? பங்சா ராயாவில சீனன் இருக்கானே."

"அந்தக் காடி உங்களுக்குத் தெரியும்."

துணியால் கையை ரொம்ப நேரம் துடைத்தார். "புதங்கிழமை வரேன்" என்றார்.

ஏன் ஒத்துக்கொண்டார்? பயம்தான். மறுத்தால் நான் என்ன நினைப்பேன் என்ற பயம். பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

12 ஜூன், புதன்

வந்தார். சைக்கிளில், பின்னால் சாமான் பெட்டி. குடிக்கத் தண்ணீரையும் பாட்டிலில் தானே கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டில் கிடைக்காது என்று தெரிந்துதான்.

அம்மா சமையலறை ஜன்னலைச் சாத்தினார். சத்தமாக.

பாய் காடிக்குக் கீழே படுத்தார். ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார். "செங்கால் மரம். நாந்தான் அறுத்தேன். கறையான் தொடல பாரு."

என்னையும் படுக்கச் சொன்னார். சட்டத்தில் ஸ்பிரிங் மாட்டும் காதுகள் நான்கு, துருவில் ஊறியிருந்தன. முன்காது அசையாது. பின்காதில் ஒரு கொண்டி தொங்கும். ஸ்பிரிங் அழுந்தும்போது நீளும், அதற்கு இடம் விட அந்தக் கொண்டி ஆடவேண்டும். ஆடவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி விட்டோம்.

"பட்டதாரிக் கை" என்று என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நெய்யில கழுவுன மாதிரி இருக்கு. ஒரு மாசத்துல கெடுத்துடுவோம்."

சிரிப்பு வந்தது. அடக்கினேன். இந்த ஆளிடம் சிரிக்கக்கூடாது.

15 ஜூன், சனி

கிணற்றைத் திறந்தோம். அப்பாவைக் கூட்டிப்போன வாரமே அம்மா பலகை அடித்து மூடியது. அன்றிலிருந்து தெருக் குழாய்தான்.

பலகை எடுத்ததும் ஒரு வாடை. இலை அழுகினது. பாய் கொக்கியை இறக்கினார். நான்காவது தடவை மாட்டியது. சாக்கு முழுசாக நைந்திருந்தது. உள்ளே ஸ்பிரிங். கிரீஸ் இருந்த இடத்தில் இரும்பு இன்னும் நீலமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் செதில்.

நீரிலிருந்து வந்ததும் அது சொட்டியது. பிரேதம்போல — இல்லை, எந்தப் பிரேதமும் வரவில்லை. ஸ்பிரிங் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. அம்மா நின்றார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஜன்னல் மூடியது.

அந்தக் குனிந்த தலை. அதுவே ஒப்புதல் இல்லையா?

19 ஜூன், புதன்

கார்புரேட்டரைப் பிரித்தோம். அரிசிமணிபோலச் சின்னச் சின்னதாக, பெட்ரோல் பீச்சும் பித்தளை ஜெட்டுகள். போட்டு வைக்க எதாவது வேண்டும் என்று உள்ளே போய்க் கேட்டேன்.

அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டி எடுத்துக் கொடுத்தார். பென்சில் பெட்டி. மூடியில் இளஞ்சிவப்புப் பூக்கள், பாதி உதிர்ந்திருந்தது. "உன் முதல் பரிசு. ஜப்பான் பள்ளிக்கூடத்தில குடுத்தது. பத்திரமா வச்சுக்க."

அம்மா என் பரிசுகளை எல்லாம் வைத்திருக்கிறார். கட்டுரைக் கேடயம், கவிதைக்குக் கிடைத்த பேனா, எல்லாம் வரிசையாக. வருகிறவர்களுக்குக் காட்டுவார்.

வெளியே வந்து பெட்டியை நீட்டினேன். பாய் கையிலிருந்த ஜெட்டைப் போடவில்லை.

"வேற எதாவது கொண்டா."

"இது நல்லாத்தானே இருக்கு?"

"கொட்டாங்கச்சி போதும் தம்பி."

கொட்டாங்கச்சியில் போட்டார். பெட்டியை நான் என் பக்கம் வைத்துக்கொண்டு ஸ்க்ரூக்களைப் போட்டேன். மூடியில் ஜப்பான் பூ இருப்பதால் அவருக்குச் சுடுகிறது. நல்லது. தினமும் கொண்டுவருவேன்.

24 ஜூன், திங்கள்

டேங்கை இறக்கினோம். பின்பக்கம், ஸ்பிரிங்குகளுக்கு இடையில் இருப்பது. ஆட்டினால் சத்தமில்லை. எடை மட்டும் இருந்தது. மூடிவழியே கம்பியை விட்டேன். கம்பி ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்பா கடைசியாக ஊற்றிய ரப்பர் எண்ணெய். பதினான்கு வருடத்தில் திரும்பவும் ரப்பராகிவிட்டிருந்தது. கறுப்பு, பிசின். மோந்து பார்த்தேன். ரப்பர் தோட்டத்துப் பால்கொட்டகையின் நாற்றம்.

காஸ்டிக் சோடா கரைத்து ஊற்றி, உள்ளே ஒரு சைக்கிள் செயினைப் போட்டு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உருட்டினோம். ஒரு மணி நேரம். தொட்டில் ஆட்டுகிற மாதிரி என்று பாய் சொன்னார்.

கையெல்லாம் வெந்துவிட்டது.

27 ஜூன்

ஓட்டை மூன்று. பற்றவைக்கும் முன் டேங்கை நிறையத் தண்ணீரால் நிரப்பினார், ஓட்டை இருக்கிற மேல்புறம் மட்டும் காற்று. "காலி டேங்குலதான் ஆபத்து. நெறஞ்சது வெடிக்காது."

1 ஜூலை, திங்கள்

கிணற்றில் கிடைத்த ஸ்பிரிங்கைப் பிரித்தோம். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு இரும்புப் பட்டை. மேல்பட்டை தேறாது. மற்றதில் நாலு தேறும். ஆக, ஒரு பக்கத்துக்கு மூன்று பட்டை புதிதாக, மறுபக்கத்துக்கு முழு ஸ்பிரிங்கும் புதிதாக. பழைய லாரி ஸ்பிரிங் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கொல்லர் தெருவுக்குப் போனோம்.

கிழட்டுச் சீனக் கொல்லர் லாரிப்பட்டையைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். மலாயில், "எத்தனை பாராங்?" என்றார். ஸ்பிரிங் இரும்பு கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் வெட்டுகத்தி செய்யத்தான் வருவார்களாம்.

கத்தி இல்லை, ஸ்பிரிங்கே வேண்டும் என்று பாய் சொன்னார். கொல்லர் என்னைப் பார்த்தார், பைத்தியமா என்பதுபோல.

இரண்டும் ஒரே வளைவாக இருக்கவேண்டும். இல்லையென்றால் காடி ஒரு பக்கம் சாயும். பாய் கொல்லர் கடைத் தரையில் சுண்ணாம்பால் வளைவை வரைந்து காட்டினார். ஒரே இழுப்பில். அழிக்காமல்.

அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கிறது எனக்கு. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

10 ஜூலை, புதன்

ஹஜ்ஜுப் பெருநாளுக்காகப் பாய் வரவில்லை. நேற்று அவர் மகள் ஹஸீனா வாசல்வரை வந்து ஒரு பீங்கான் தட்டைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாள். தொதோல். அவர் மனைவி ஹலீமா அக்கா கிளறியது.

அம்மா தொடவில்லை. படிமேலேயே இருந்தது. மத்தியானத்துக்குள் எறும்பு. சாயங்காலம் இனிப்பைக் குப்பையில் கொட்டினார். தட்டைக் கழுவினார். திருப்பி அனுப்பவில்லை.

"வெறும் தட்டா அனுப்பறதா? என் கையால அதுல எதாவது வெச்சு அனுப்ப எனக்கு மனசு இல்ல. இங்கேயே கெடக்கட்டும்."

நீலப் பூப்போட்ட தட்டு. அடுப்படியில் கிடக்கிறது. எங்கள் தட்டுகளோடு சேர்க்காமல் தனியாக.

16 ஜூலை, செவ்வாய்

கேட்டுவிட்டேன். இருவரும் காடிக்குக் கீழே, பக்கம் பக்கமாக. முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை. அதனால்தான் முடிந்தது.

"பாய், கிணறுன்னு அவங்களுக்கு யார் சொன்னது?"

ஸ்பானர் நின்றது.

"அந்த நட்ட இறுக்கு" என்றார்.

"கேக்கறேன்ல."

"காடி வேலைக்கு வந்தேன் தம்பி. காடிவேலை பாப்போம்."

நட்டை இறுக்கினேன். மரை போகிற அளவுக்கு.

22 ஜூலை, திங்கள்

பட்டைகள் வந்தன. எண்ணெயில் கருக்கிய நீலம். அடுக்கி, நடு போல்ட்டுப் போட்டு, கிரீஸ் தடவி, ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டினோம். கட்டைகளை உருவினோம். பதினான்கு வருடத்துக்குப் பிறகு காடி தன் சொந்தப் பாரத்தில் நின்றது.

பாய் பின் மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்து இரண்டு தடவை அழுத்தினார். காடி தாழ்ந்து, எழுந்து, ஒரு தடவை மட்டும் ஆடி, நின்றது.

"பரவால்ல" என்றார்.

அளந்தேன். வலதுபக்கம் கால் அங்குலம் தாழ்வு. பழைய பட்டைகள் இருக்கிற பக்கம். "கெடந்த இரும்பு. அது அப்படித்தான் நிக்கும். விடு" என்றார்.

இன்னும் பெட்ரோல் பைப்பும் பம்பும்தான் பாக்கி. அதற்கப்புறம் வரமாட்டார். அந்த வார்த்தையை வாங்க எனக்கு நேரமில்லை.

3 ஆகஸ்ட், சனி

எழுதக் கை வரவில்லை. நாளைக்கு.

4 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று நடந்தது.

பம்புக்குள் இருக்கும் சவ்வு வாங்க செமாபோக் போனேன். பட்டறையில் நாலைந்து பேர். யாரோ லாரிக்காரர் என் சட்டைக் கறையைப் பார்த்து, "என்ன பாய், பி.ஏ. படிச்ச ஆளையெல்லாம் கூலிக்கு வச்சிருக்கிங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாயும்.

அவர் சிரித்தது. அதுதான்.

"எங்கப்பாவக் காட்டிக் குடுத்த காசுலயா இந்தத் தகரம் போட்டிங்க?" என்றேன். உரக்க. ஹஸீனா தேத்தண்ணித் தட்டோடு உள்வாசலில் நின்றாள். எல்லாம் கேட்டது அவளுக்கு.

பாய் தட்டை அவளிடமிருந்து வாங்கிக் கீழே வைத்து, உள்ளே போகச் சொன்னார். பிறகு என் முழங்கையைப் பிடித்து வெளியே, சாலையோரத்துக்குக் கூட்டிவந்தார். வெயில். பஸ் ஒன்று போனது. போகட்டும் என்று காத்திருந்தார்.

"அந்தப் பென்சில் பெட்டி ஒனக்கு எதுக்குக் குடுத்தாங்க?"

"பரிசு."

"எதுக்குப் பரிசு?"

"கட்டுரைக்கு. படம் போட்டு எழுதணும். எங்கள் வீடுன்னு —"

அங்கேயே தெரிந்துவிட்டது. அவர் சொல்வதற்கு முன்பே.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றாமல்:

"கெணத்துல எடுத்தது அந்தக் காடியோட ஸ்பிரிங்கான்னு பாத்துச் சொல்ல என்னைக் கூட்டியாந்தாங்க. அதிகாரி மேசையில காகிதம் இருந்துச்சு. ஒன் எழுத்து. காடி, கெணறு, கயிறு, எல்லாம் போட்டிருந்தே. அந்த வாரந்தான் நீ ஓடியாந்து 'மாமா பெட்டி குடுத்தாங்க'ன்னு காட்டினே. ஒங்கப்பாகிட்டயும் காகிதத்தக் காட்டினாங்க. பாத்தாரு. மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாரு."

"நீங்க ஏன் இத்தன வருஷம் —"

"படத்துல ஒரு ஆளுதான் இருந்தான்."

புரியவில்லை எனக்கு.

"நானும்தானே அன்னிக்குக் கயிறு புடிச்சேன். நீ ஜன்னல்ல பாத்துக்கிட்டிருந்தே. ஆனா படத்துல உங்கப்பா மட்டும்தான். நீ என்னையும் போட்டிருந்தா நானும் போயிருப்பேன். ஹஸீனா பொறந்திருக்கமாட்டா. அதிகாரி கேட்டான், கூட யாருன்னு. தெரியாதுன்னேன். உங்கப்பாவும் தெரியாதுன்னாரு. அதுக்கப்புறம் ஒங்கம்மா என்னப் பாக்குற பார்வையில நான் என்னத்தச் சொல்றது? ஒம்பது வயசுப் பிள்ளையக் காட்டி, அவன்தான்னு சொல்லச் சொல்றியா?"

சவ்வை என் கையில் கொடுத்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்தது. உள்ளே போய்விட்டார்.

5 ஆகஸ்ட்

ஏன் ஒரு ஆளைத்தான் வரைந்தேன்? தாளில் இடம் இல்லையா? அவர் தொப்பி வரைய வரவில்லையா? ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை.

6 ஆகஸ்ட், செவ்வாய்

மற்றது ஞாபகம் வருகிறது. வாக்கியம் வாக்கியமாக, அந்த ஜப்பான் குச்சி எழுத்தில்.

எங்கள் வீட்டில் காடி இருக்கிறது. காடியின் கால்கள் கிணற்றில் இருக்கின்றன. அப்பா அவற்றைத் தூங்க வைத்தார்.

ஆசிரியர் உரக்கப் படித்தார். கைதட்டினார்கள். சுவரில் ஒட்டினார்கள். யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். திங்கட்கிழமை பெட்டி. வியாழக்கிழமை அப்பா.

காலென்று எழுதாமல் ஸ்பிரிங் என்று எழுதியிருந்தால்? அந்தச் சொல்லுக்கு ஜப்பான் மொழியில் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் கால். அது அழகாக இருந்ததால்தான் பரிசு. பரிசு கிடைத்ததால்தான் சுவர்.

என் முதல் உருவகம்.

அதைப் பற்றித்தான் மூன்று வருடம் சிங்கப்பூரில் படித்தேன். அம்மா இரவு பகல் தைத்து அனுப்பினார்.

எப்படி மறந்தேன்? பெட்டி ஞாபகம் இருந்தது. பூ ஞாபகம் இருந்தது. பரிசு வாங்கியவன் ஞாபகம் வைத்திருப்பதெல்லாம் பரிசைத்தான் போல.

7 ஆகஸ்ட், புதன்

வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வழக்கமான நேரம். சைக்கிள், பாட்டில், சாமான் பெட்டி.

"சவ்வு எங்க?" என்றார்.

பம்பைப் பிரித்தோம். பழைய சவ்வு கருவாடுபோல — விடு. பழைய சவ்வு விறைத்து விரிசல் விட்டிருந்தது. எடுத்தோம். புதியதைப் போட்டோம். ஆறு ஸ்க்ரூ. குறுக்கும் நெடுக்குமாக இறுக்கவேண்டும்.

ஸ்க்ரூக்கள் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. அவரே கைவிட்டு எடுத்தார்.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்தார்.

14 ஆகஸ்ட்

செம்புப் பைப்பு முழுவதும் அடைப்பு. வெட்டி எறிந்து புதிது போட்டோம். டேங்கிலிருந்து பம்புவரை ஒன்பது அடி. சட்டத்தோடு அடிக்கொரு கிளிப். கார்புரேட்டர் மிதவையில் நுண்துளை. வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஈயம் வைத்தார்.

19 ஆகஸ்ட், திங்கள்

இன்ஜின் பிடித்தது. மூன்றாவது இழுப்பில்.

பாய் கார்புரேட்டரைத் திருகித் திருகிச் சத்தத்தைச் சமப்படுத்தினார். அம்மா பின்வாசலில் வந்து நின்றார். அந்தச் சத்தத்தைப் பதினான்கு வருடத்துக்குப் பிறகு கேட்கிறார். பாயும் அம்மாவும் ஒரே இடத்தில், ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு.

அம்மா காறித் துப்பினார். உள்ளே போனார்.

பாய் இன்ஜினை நிறுத்தினார். சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

"அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றேன்.

"வேணாம். வயசான காலத்துல ஒங்கம்மாவுக்கு ஒரு மகன் இருக்கட்டும்."

"உங்களுக்கு?"

"எனக்குப் பழகிடுச்சு."

சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறவில்லை. மூலைவரை உருட்டியே போனார்.

21 ஆகஸ்ட்

பரீட்சை முடிவு. இரண்டாம் வகுப்பு, மேல்தரம். அம்மா பிள்ளையார் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். என் பெயர், என் நட்சத்திரம்.

22 ஆகஸ்ட்

சொல்லாமல் இருக்கலாம். அவரே வேண்டாம் என்கிறார். யாருக்கு என்ன நஷ்டம்?

24 ஆகஸ்ட்

செமாபோக் பக்கம் ஹஸீனாவைப் பார்த்தேன். எதிரே வந்தவள் சாலையின் மறுபக்கம் போய்விட்டாள்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலை பத்து மணிக்கு. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை முன்னால் வைத்தேன். கட்டுரை, படம், மூன்று வாக்கியம், சுவர். பாய் பார்த்தது. அப்பா மடித்துக் கொடுத்தது. எதையும் குறைக்கவில்லை. அழவும் இல்லை. அழுதால் அம்மா என்னைத் தேற்றியிருப்பார், அது நியாயமில்லை.

அம்மாவின் கை நின்றது. பெட்டியைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டியா?"

"ஆமாம்."

"இதையா நான் தொடச்சுத் தொடச்சு வச்சேன்?"



"ஒம்பது வயசு" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா, கணக்குப் பார்த்தாரா, தெரியவில்லை. பிறகு மீதி வெங்காயத்தை உரித்தார். குழம்பு வைத்தார். எனக்குப் போட்டார்.

26 ஆகஸ்ட்

பேசவில்லை.

27 ஆகஸ்ட்

பேசவில்லை. தைக்கவும் இல்லை.

28 ஆகஸ்ட்

அலமாரி மேல்தட்டு காலி. கேடயம், பேனா, எதுவும் இல்லை. எங்கே என்று கேட்கவில்லை.

29 ஆகஸ்ட்

"சாப்பாடு இருக்கு" என்றார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு. எப்போதும் கூப்பிடுகிற "தம்பி" இல்லை.

30 ஆகஸ்ட், வெள்ளி

நோட்டீஸ் ஆள் வந்தான். கொல்லையில் நின்ற காடியைச் சுற்றிப் பார்த்தான். ஓடுமா என்றான். ஓடும் என்றேன். பட்டியலில் ஒரு கோடு இழுத்தான். தேங்கிய நீர் இல்லை என்று எழுதினான்.

31 ஆகஸ்ட், சனி

எதிர்வீட்டு ரேடியோவில் கேட்டது. ஏழு தடவை சுதந்திரம் என்று கத்தினார்கள். தெருவில் பிள்ளைகளும் கத்தினார்கள். கொடி, பலூன்.

அம்மா கிணற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார். பலகையைத் திரும்ப அடிக்கவில்லை நாங்கள். உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்வாசலில். நடுவில் காடி.

அப்பாவுக்கு இன்றைக்கு ஐம்பத்திரண்டு இருக்கும்.

3 செப்டம்பர்

அலோர் காஜா. முதல் நாள். நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம். பாடத்திட்டத்தில் முதல் கட்டுரைத் தலைப்பு "என் வீடு". மாற்றினேன். ஒரு மேசையைப் பற்றி எழுதச் சொன்னேன். அளவு, நிறம், கால்கள் எத்தனை.

ஒரு பெண் எழுதியிருந்தாள்: மேசை நின்றுகொண்டே தூங்குகிறது. எவ்வளவு நேரம் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. மதிப்பெண் போட்டேன். உரக்கப் படிக்கவில்லை.

8 செப்டம்பர், ஞாயிறு

காலையில் காடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே வந்தார். வெளியே போகும்போது கட்டும் சாம்பல்நிறச் சேலை. கையில் நீலப் பூப்போட்ட தட்டு, துணி போட்டு மூடியிருந்தது. சர்க்கரைப் பொங்கல் வாசனை.

காடியின் பின்கதவைத் திறந்து, பின்னால் ஏறி உட்கார்ந்தார். இந்தக் காடியில் அவர் ஏறி எத்தனை வருடம். ஸ்பிரிங் அழுந்தியது. தெரிந்தது எனக்கு.

"செமாபோக்" என்றார்.

ஓட்டினேன். பங்சா ராயா, ஆஸ்பத்திரி, கடற்கரைச் சாலை. கண்ணாடியில் தட்டு மட்டும் தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பள்ளங்களில் மெதுவாக விட்டேன்.

பட்டறைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தச் சொன்னார். "நீ இங்கயே இரு."

தகரக் கூரையின் கீழ் பாய் எழுந்து நிற்பது தெரிந்தது. கையைத் துடைக்கக்கூட இல்லை. அம்மா அவர் முன்னால் போய் நின்றார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் அம்மா தட்டோடு குனிந்தார், அல்லது தடுமாறினார். ஹலீமா அக்கா ஓடிவந்து பிடித்துக்கொண்டார். எல்லோரும் உள்ளே போனார்கள்.

ஒரு மணி நேரம் ஆனது. நான் இறங்கவில்லை. ஹஸீனா ஒரு தடவை வாசலுக்கு வந்து காடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

வெளியே வந்தபோது அம்மாவின் கை காலி. முகம் வீங்கியிருந்தது. பாய் கூடவே வந்தார். அம்மா ஏறுவதற்குப் பின்கதவைத் திறந்துவிட்டார். "பாத்து, தங்கச்சி" என்றார். அம்மா ஏறினார்.

பாய் என் பக்கம் வரவில்லை. காடியின் பின்னால் போனார். வலது மட்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்து இரண்டு தடவை அழுத்தினார். அம்மா உள்ளே அசைந்தார்.

"கொஞ்சம் தாழ்வாத்தான் நிக்குது" என்றார். "ஓட்டலாம்."

அம்மா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எடு."